பாலாற்றில் ஒத்திகை

எக்ஸ்ரே உறையின் பின்பக்கம்
கடற்கரையை வரைந்தது நான்தான்.
இரவுப் பணி. மணி மூன்று.
உடைந்த மணிக்கட்டு ஒன்று
திரையில் வெளுத்துக் கிடந்தது.
கோவளம் ஒரு புள்ளி,
மகாபலிபுரம் ஒரு புள்ளி,
புதுச்சேரி வரைக்கும் ஒரே கோடு.
நடுவில் என்ன இருக்கிறதென்று தெரியாது எனக்கு.

நடுவில்தான் அலை என்றான் அப்ரார்.
பேரணாம்பட்டில் ஷூ மேல்தோலுக்கு
நாள் முழுக்கத் தையல் எண்ணுகிறவன்.
கடலை இரண்டே முறை பார்த்தவன்,
இரண்டு முறையும்
துறைமுகக் கன்டெய்னர் சந்து வழியாக.

மே மாதம்.
சத்துவாச்சாரியில் குழாயைத் திறந்தால்
அப்படியே டீ போடலாம்.
"கடல் தண்ணி சில்லுன்னு இருக்குமா?"
புஷ்பலீலா கேட்டாள்.
வெதுவெதுப்பாம், படித்தேன் என்றேன்.
முகம் சுருங்கிப்போனது அவளுக்கு.
"அதுக்கா அவ்வளவு தூரம்?"

பலகை வாடகை, பழக்குகிறவர் கூலி,
அறை, பஸ்.
கூட்டினால் ஒரு சீட்டுத் தவணை அளவு
துண்டு விழுந்தது.
அப்பாண்டைராஜனுக்குத் தனிக் கணக்கு:
பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டான்,
கிழங்கு தொடமாட்டான்.
கடலோரச் சாலையில் ஐந்து மணிக்கே
இரவுச் சோறு போடும் கடை எது?
அலை நேரங்களுக்குப் பக்கத்தில்
அவன் சாப்பாட்டு நேரங்களையும் எழுதினேன்.

ஞாயிறு விடிந்ததும் பாலாற்றில் இறங்கினோம்.
தண்ணீர் இல்லாத ஆறு என்று
ஊரைக் கிண்டலடிக்கும் பேச்சில்
முதல் இடம் அதற்கு.
விரலால் மணலில்
நான்கு பலகை கீறினோம்.
குப்புறப் படுத்தோம்.
இல்லாத நீரை இரு கையாலும் வலித்தோம்.
"வருது, வருது, இப்போ!"
அப்ரார் கத்த
உள்ளங்கை ஊன்றி
ஒரே துள்ளலில் எழ வேண்டும்.
எழுந்தோம். விழுந்தோம்.
பாலத்தில் பைக்குகள் நின்றன.
"யாராவது தவறிட்டாங்களா?"
என்று மேலிருந்து ஒரு குரல்.
புஷ்பலீலா மண்டியிட்ட மட்டில் நின்றுபோனாள்.
"எனக்கு ஜெபம் மாதிரியே வருதுப்பா."

பதினேழாவது அலையில்
அப்பாண்டை மெல்லக் கேட்டான்:
நம்மில் யாருக்கு நீச்சல் தெரியும்?

ரயில் பாலத்தில் சரக்கு வண்டி போனது.
நான்கு பேரும்
பெட்டிகளை எண்ணினோம்.

எங்கே கற்பது?
கோட்டை அகழியில் படகுக்கு டிக்கெட் உண்டு,
குதித்தால் விசில் அடிப்பார்கள்.
இந்த ஆறு வந்ததும் உண்டு,
மூன்று வருடம் முன்னால் ஒரு நவம்பரில்.
கயிறு கட்டி
ஒருவரையும் நெருங்க விடவில்லை.

உறையில் கடலுக்கு மேலே
ஒரு கிணறு வரைந்தேன்.
போளூர் பக்கம், அப்பாண்டையின் பெரியப்பா நிலம்,
நாற்பது படி,
மோட்டார் ஓடாத நான்கு ஞாயிறு.
இடுப்பில் கட்டிக்கொள்ள
அப்ராரின் காலிப் பசை டின்கள்.

சதுரங்கப்பட்டினத்தில்
மீன்பிடிக்கிற ஒருவர் எண் கிடைத்தது.
போனில் காற்று இரைந்தது.
"சோழகம் விழுந்தாச்சு. வரதுன்னா வாங்க.
பலகை கிலகை நமக்குத் தெரியாது.
அலை இருக்கு."
பேசி முடித்தவர் கட் பண்ண மறந்துவிட்டார்,
சட்டைப்பையில் போட்டிருப்பார்.
ஸ்பீக்கரில் வைத்தேன்.
ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில்
ஏழு நிமிடம்
அந்த இரைச்சலைக் கேட்டபடி நின்றோம்.
இது வெதுவெதுப்பாகவா கேட்குது
என்றாள் புஷ்பலீலா.

அவர் ஊருக்குத் தெற்கே
கொஞ்ச தூரத்தில்
பாலாறு கடலில் சேர்கிறது,
வரைபடத்தில்.
முதல் நாள் அங்கே என்று குறித்தேன்.
ஆறு எப்போதாவது போகும் ஊருக்கு
நாங்கள் பஸ்ஸில்,
காஞ்சிபுரத்தில் மாறி, செங்கல்பட்டில் மாறி.

லீவு இன்னும் வரவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
சொந்த வேலை என்று எழுதி, அடித்து,
அலை என்று எழுதி
அதையும் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.
மேலதிகாரி தாளைத் தூக்கி
விளக்குக்கு நேரே பிடிக்கிறார்,
எங்கே முறிவு என்று
தேடுகிற மாதிரி.