பதினொரு நொடி

படிவத்தின் முதல் கேள்வி:
இப்பரிமாற்றப் பயணத்தால் தாங்கள் பெற்ற தொழில்திறன் யாது?
நாற்பது சொற்களுக்கு மிகாமல்.

குடாயிசியிலிருந்து விமானம், தாலினிலிருந்து பேருந்து,
பேருந்தையும் விழுங்கிக்கொண்டு ஒரு கப்பல்,
ஹீயுமா தீவில் இறங்கும்போது
பெட்டிக்குள் வால்நட் சரங்கள் உருகி
என் பாடக்குறிப்போடு ஒட்டியிருந்தன.
இதையெல்லாம் படிவம் கேட்கவில்லை.

பள்ளி வாசலில் காலணியைக் கழற்றச் சொன்னார் ஹெல்வே.
உள்ளே எல்லோருக்கும் கம்பளிச் செருப்பு.
விருந்தினருக்கென்று இருந்த சோடி
எனக்கு முன் வந்த நார்வேக்காரர் காலளவு.
அதில் சறுக்கிச் சறுக்கித்தான்
எட்டாம் வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தேன்,
இருபத்தாறு வருட அனுபவத்தோடு.

ஊசல் பாடம்.
நூலை நீட்டினால் ஆட்டம் என்னவாகும், ஏன்?
கேட்டார் ஹெல்வே.
கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.
சன்னலுக்கு வெளியே பனி. அதன்மேல் ஒரு காகம்.
பிள்ளைகளும் சும்மா இருந்தார்கள்.
எனக்குத்தான்
பொங்கப்போகும் பாலுக்குப் பக்கத்தில்
கையைக் கட்டி நிறுத்திவைத்தது போலிருந்தது.
நாக்கின் நுனியில் விடை, நல்லவேளை
எஸ்தோனிய மொழி தெரியாது.
சுவர்க் கடிகாரத்தை எண்ணினேன்.
பதினோராவது நொடியில்
உகூ என்ற பையன் மேசையைப் பார்த்தபடி ஏதோ சொன்னான்.
விடையில்லை, இன்னொரு கேள்வி என்று
பிறகு சொன்னார்கள்.

காப்பி அறையில் கேட்டேன்,
இந்த முறைக்கு என்ன பெயர், புத்தகம் இருக்கிறதா?
ஹெல்வே யோசித்தார் (ஏழு நொடி).
'பெயரா? காத்திருந்தேன்.'

வியாழக்கிழமை என் முறை.
உடைந்த ஆங்கிலத்தில் நானும் கேட்டேன், நானும் நின்றேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கில் நானே விடையைச் சொல்லிவிட்டேன்.
சொல்லும்போது பார்த்தேன்:
முதல் வரிசையில் லீஸ்பெத் வாயைத் திறந்திருந்தாள்.
மூடிக்கொண்டாள்.
மரியாதையாக, சத்தமில்லாமல்,
குளிருக்குக் கதவைச் சாத்துவது போல.

அன்றிரவு விடுதியில் தூக்கம் வரவில்லை.
இருபத்தாறு வருடம்.
வாரத்துக்கு இருபத்திரண்டு வகுப்பு.
கணக்குப் போடத் தெரிந்தவள்தான் நான்.
போடவில்லை.

ஊருக்குத் திரும்பி எட்டு 'ஆ'வில் கேள்வி கேட்டுவிட்டு
வாயை மூடிக்கொண்டு நின்றேன்.
ஐந்தாம் நொடியில் வகுப்பு கலவரமானது.
'டீச்சர், தலை சுற்றுகிறதா?'
வாக்தாங் தண்ணீருக்கு ஓடினான்.
இன்னொருத்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
உட்கார்ந்தேன், குடித்தேன்.
கேள்வி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஏப்ரலில் ஹெல்வே வந்தார்,
பதில் பயணம்.
என் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே விடையை
ஐந்து விதமாக ஒரே நேரத்தில் கத்துவதை
கண்கொட்டாமல் பார்த்தார்.
நடுவில் மின்சாரம் போனது, யாரும் நிறுத்தவில்லை.
மூன்றாம் நாள்
வாக்தாங் பேசிக்கொண்டிருக்கும்போதே
குறுக்கே பாய்ந்து 'இல்லை இல்லை இல்லை!' என்றார்.
கன்னம் சிவந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார்.
வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது.
அவர் படிவத்தில் என்ன எழுதினாரோ.

என்னுடையது இன்னும் காலியாக இருக்கிறது.
கடைசித் தேதி நாளை.
சென்ற செவ்வாய்க்கிழமை,
தண்ணீருக்கு யாரும் ஓடாமலிருக்கப் பழகிவிட்ட வகுப்பில்,
ஒன்பதாம் நொடியில்,
இந்த வருடம் முழுக்க ஒரு வார்த்தை பேசாத தெக்லே
எழுந்து நின்று ஒரு விடை சொன்னாள்.
முழுக்க முழுக்கத் தவறான விடை.

அதைத்தான் எழுதப் போகிறேன்.