பதினொரு மில்லிமீட்டர்

டாங்கின் அடிவயிற்றில் ஊசிமுனை அளவு ஓட்டை.
சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைத்தேன்,
ஒரு வாரம் தாங்கியது.
பக்கத்திலேயே இன்னொன்று.
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

வெல்டிங் பட்டறை ராடிம்
நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"இதில் இரும்பு எங்கே இருக்கிறது?
பெயின்ட்தான் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது."

ஐம்பத்தேழாம் வருஷத்து ஜாவா.
ஓஸ்திராவாவில் டிராம் ஓட்டுகிறவள் நான்.
ஒரு டிராமின் சக்கரம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்றே
பழகிய புத்தி.

புர்னோவின் பழைய சாமான் சந்தையில்,
மார்ச் மாதப் பனி தார்ப்பாயிலிருந்து சொட்ட,
சிவப்பு டாங்க் ஒன்றைக் காட்டி
ஒருவன் தாயின் மேல் சத்தியம் செய்தான்.
வீட்டில் மாட்டிப் பார்த்தேன்.
பெயர்ப் பொருத்தம் இருந்தது,
துளைப் பொருத்தம் இல்லை.
பதினொரு மில்லிமீட்டர் தள்ளி நின்றது போல்ட்.
அரத்தோடு ஓர் இரவு,
கெட்ட வார்த்தைகளோடு இன்னோர் இரவு.

போலந்திலிருந்து தபாலில் வந்தது
கச்சிதமாக உட்கார்ந்தது.
ஹேண்டில்பாரை இடப்புறம் திருப்பினால் மட்டும்
இடித்தது.
இடது பக்கம் திரும்பவே வேண்டாத ஊர்
எங்காவது இருக்கிறதா என்று
கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தேன்.

அதன்பின் பீர் அட்டைப்பெட்டியை வெட்டி
டாங்கின் அடிக்குழிவுக்கு ஓர் அச்சு செய்தேன்.
சீருடைப் பையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில்,
ஓரமெல்லாம் கிரீஸ் ஏறி
எட்டு மாதம் என்னோடு அலைந்தது அந்த அட்டை.

யெசெனிக் பக்கம் ஒரு தீவனக் கடைச் சுவரில்
கையால் எழுதிய துண்டுக் காகிதம்.
போனை எடுத்தது ஒரு பெண்.
அளவைச் சொன்னேன்.
தையல் டேப்பை எடுத்துப் போய்
மூச்சு வாங்கத் திரும்பி வந்து,
"சரியாக இருக்கிறது" என்றாள்.

கொட்டகையில் நின்றது முழு வண்டி.
கறுப்பு. அதே வருஷம்.
"வண்டியையா விற்கிறீர்கள்?"
"டாங்க் மட்டும்," என்றாள் திராஹோமீரா,
கையில் மாவு காய்ந்திருந்தது.
"அவர் ஓலொமோவ்ட்ஸ் ஆஸ்பத்திரியில்.
நெஞ்சை இரண்டாம் முறை திறந்திருக்கிறார்கள்.
சாவியை ஒளித்தால் கம்பியால் கிளப்புவார்.
சக்கரத்தைக் கழற்றினால் மாட்டிக்கொள்வார்.
டாங்க் கிடைப்பதுதான் கஷ்டமாமே?"

கஷ்டம்தான் என்றேன்.
என் அட்டை அந்தக் குழிவுக்குள்
வெளிச்சம் நுழைய இடம்விடாமல் படிந்தது.
அவள் டார்ச் பிடித்தாள், நான் கழற்றினேன்.
இரண்டாயிரம் கொடுத்தேன்.
இருநூறு கிரவுன் மீதியும்
கசகசா கேக் ஒரு பொட்டலமும் தந்தாள்.

அன்றிரவு போல்ட்டுகள்
விரலாலேயே இறங்கின.

மூன்றாம் வாரம் போனில் ஓர் ஆண்குரல்,
சொல்லுக்குச் சொல் இளைப்பாறி:
"என் டாங்க் உங்களிடம்தானாமே."
திருப்பித் தருகிறேன் என்று வாயெடுப்பதற்குள்,
"கழுத்துவரை நிரப்பாதீர்கள்.
மேடு ஏறும்போது மூடியில் கசிந்து
தொடையில் வழியும்."
அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை.
"கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன்,
குடலெடுத்த மீன் மாதிரி கிடக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை
என் ஓட்டை டாங்கைப் பழைய மழைக்கோட்டில் சுற்றி
ரயிலேறினேன்.
விளாஸ்திமிலால் தூக்க முடியவில்லை, நானே வைத்தேன்.
அங்கும் விரலாலேயே இறங்கின போல்ட்டுகள்.
கறுப்பு வண்டியில் என் அரக்கு நிறம்.
ஏறி உட்கார்ந்தார்.
என் முழங்கால் தேய்த்து வெளிறிய இடத்தில்
அவர் முழங்கால் போய்ப் பதிந்தது.

திராஹோமீரா குனிந்து
மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.
திருப்தியாக நிமிர்ந்தாள்.

அவர் என் பக்கம் சாய்ந்து
பாவமே அறியாத குரலில் கேட்டார்:
"சோப்பு தேய்த்தால் எத்தனை நாள் தாங்கும்?"

நான் வாயைத் திறக்கவில்லை.
அவள் மெதுவாகப் போய்
குழாயடியிலிருந்த சோப்பை எடுத்து
ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.