கிழிபடாத சீட்டு

எட்டாயிரம் சீட்டு அடித்தேன் புகாரெஸ்டில்,
தேதிக்கு மட்டும் இடம் விட்டு.
"மை காயட்டும் ஹரலம்ப், நாளைக்குச் சொல்கிறோம்"
என்றார் சங்கத்துச் செயலாளர்.

அரையிறுதி மூன்று தரம் ஆடியும் சமன்.
பூவா தலையா போட்டுத்தான் வென்றோம்;
காசு மண்ணைத் தொடுமுன்பே
கூத்தாடிவிட்டோம்.

இறுதிக்கு எதிரணி ஹங்கேரியிலிருந்து வரவேண்டும்.
ரயிலுக்கு முன்னால்
எல்லைக்கோடு வந்து சேர்ந்தது.

சுண்ணாம்புக் கோடுகளை மழை தின்றது.
சீட்டுகளின் முதுகில் ரொட்டிக் கணக்கு எழுதினேன்
போர் முடியும்வரை.
ஒன்று மிஞ்சியது.

கோப்பையும் பிழைத்து வந்தது,
சட்டை தொளதொளத்துப்போன கைதியைப்போல்.
சாம்பியன்கள் ஆடிய இடத்தில்
பின்னாளில் இரண்டாம் பிரிவுக்காரர்கள்.
பத்திரிகையில் வானிலைக்குக் கீழே நாலு வரி.

தொண்ணூற்றிரண்டில், தெற்கு இத்தாலியில்,
அதன் கடைசி ஆட்டம்.
கடைசி என்று யாரும் சொல்லவில்லை.
மறுபடி ஒரு ஹங்கேரிய அணி.
எதிரே, சொந்த ஊர் திரும்பும் வழியில்
போர் மறித்து நின்ற பையன்கள்.

வரிசையில் நான் மட்டும்.
நீட்டினேன்.
வாயிற்காரப் பெண் திருப்பிப் பார்த்தாள்,
தேதி இல்லாத இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்,
பிறகு, எல்லாச் சீட்டையும் போலவே,
பாதியாய்க் கிழித்தாள்.

"எந்த வரிசை?" என்றேன்.
"எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்."