ஒன்றேகால் வீசை

மெர்குயி படகுத்துறை.
மழை விட்டும் ஈரம் விடாத மாதம்.
டுனுங் இறக்கிய கடலட்டை
பதினோரு வீசை.
ஒன்பதே முக்கால் என்று எழுதினேன்.
ஈரக்கழிவு என்றேன், பர்மியில்.

வீசை எங்கள் சொல்.
இந்தக் கரையில் இறங்கி வெகுகாலம்.
விரலால் தட்டை அழுத்தும் வித்தையும்
அதே கப்பலில் வந்ததா,
இங்கே படித்ததா, தெரியாது.

அவள் பேரம் பேசவில்லை.
படகின் முன்முனையில்
செதுக்கிவைத்த பள்ளத்தைத் தொட்டு
வாய் என்றாள்.
பின்முனைப் பள்ளத்துக்கு
வேறு சொல் சொல்லி
பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தாள்.
தின்னும், கழிக்கும்.
நடுவில் கல்லாப்பெட்டி கிடையாது.

மதியம் பதிவேட்டுக்காரர் வந்தார்.
சலோன்காரி, உன் ஊர் எது?
அவள் கை மேற்கே எழுந்து
தீவு தீவாய்ப் போய்
எதிலும் இறங்காமல் திரும்பியது.
கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

அடுத்து நான்.
இதே தீவு, மீன்கிடங்குச் சந்து,
பிறந்த வீட்டின் தகரம்கூட
இங்கிருந்து தெரியும் என்றேன்.
அய்யாவு என்ற பெயரை
இரண்டு தரம் வாசித்தார்.
அதே பேனா.
அதே நீளத்தில் கோடு.

வற்றம் தொடங்குமுன்
அவள் படகை அவிழ்த்துவிட்டாள்.
அரிசிக்குச் சில்லறை குறைந்தது,
கேட்கவில்லை.

அந்த ஒன்றேகால் வீசை
சாக்கில்தான் இருக்கிறது.
முதலாளிக்கும் சொல்லவில்லை.