மடிப்பு இல்லம்மா

எம்.சி. ரோட்டில் வாங்கியது.
அடர்நீலப் பருத்தி, நாலரை மீட்டர்,
கடையை மாற்றுகிறார்கள் என்று பாதி விலை.
விரித்தபோது நட்டநடுவில், இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை
ஒரு கோடு.
"தண்ணில போட்டா போயிடும்க்கா"
பில்லைக் கிழித்தபடி சொன்னான் பையன்.

தண்ணீரில் போட்டேன்.
லாரி வராத நாளுக்கென்று
குடத்தில் மிச்சம் பிடித்திருந்த தண்ணீர்.
நீலம் கொஞ்சம் வந்தது. கோடு வரவில்லை.

ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர்,
கண்ணாடி துடைக்கும் பாட்டிலில் ஊற்றி
புஸ் புஸ்ஸென்று அடித்து,
மேலே ஒரு வேட்டித் துண்டைப் போட்டு,
இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல்
முத்திரை குத்துவதுபோல
வைத்து எடுத்து, வைத்து எடுத்து...
வீடெல்லாம் ஃபாஸ்ட்ஃபுட் கடை வாசனை.
"இன்னிக்கு நூடுல்ஸா?" என்று ஓடிவந்து
ஏமாந்து போனான் மாறன்.

ஆவி காட்டினேன். கஞ்சி போட்டேன்.
இருபத்தைந்து கிலோ பொன்னி மூட்டைக்கு அடியில்
இரண்டு ராத்திரி படுக்கவைத்தேன்.
அரிசி எடுக்கப்போன இவர்
"துணி என்ன தப்பு பண்ணிச்சு?" என்றார்.

அக்டோபரில் தண்டையார்பேட்டைக் காற்றே
பாதி பிழிந்த துணி.
கொடியில் எதைப் போட்டாலும்
புதிதாய் ஒரு சுருக்கத்தோடு திரும்பி வருகிறது.
அதெல்லாம் சூட்டைக் காட்டினாலே போய்விடுகிறது.
இது மட்டும்.

போர்வை பெங்களூருக்கு.
இந்த ஊரில் யாருக்கு வேண்டும் மூன்றடுக்கு?
ஷெனாஸ் மேடத்தின் மகள் வேலைக்குப் போகிறாள்.
"ராத்திரி வானம் மாதிரி வேணும்" என்றார்.
அட்வான்ஸ் சிலிண்டருக்குப் போய்விட்டது.

காலையில் எழுந்த மாறனின் கன்னத்தில்
தலையணை உறையின் தையல்,
காதிலிருந்து வாயோரம்வரை, ஆழமாக.
பல் தேய்த்து, இட்லி தின்று,
ஸ்கூல் ஆட்டோ ஹாரன் அடிப்பதற்குள்
ஒன்றுமே இல்லை.
வினிகரா, ஆவியா?
அந்தக் கன்னத்தைப் பார்க்க
எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் சபாபதி அண்ணன் வண்டி.
டிரான்ஸ்ஃபார்மர் பக்கம், பூவரச நிழலில்,
கரி சிவந்த ஏழு கிலோப் பெட்டி.
அவர் அதைத் தொடவே இல்லை.
கோட்டின்மேல் கட்டைவிரல் நகத்தை ஒருமுறை ஓட்டினார்.
திருப்பிப் பார்த்தார்.
வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார்.
"இது மடிப்பு இல்லம்மா. வெளுப்பு.
ரெண்டா மடிச்சு அடுக்கி வெச்சதுல
வெளிய தெரிஞ்ச ஓரம் இது.
எத்தினி வருஷமோ, ட்யூப்லைட்டு தின்னுட்டுது.
மடிப்புன்னா நெருப்பு சொன்னா கேக்கும்.
நெறமே போன எடத்துல நான் என்ன பண்ண?"
காசு வாங்கவில்லை.
அதுதான் கொஞ்சம் வலித்தது.

ஒன்பது நாள்
இல்லாத மடிப்போடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
கோட்டை ஒதுக்கி வெட்டினால்
ஆறங்குலச் சதுரம் முப்பது குறையும்.
ஒதுக்கவில்லை.
ஒன்றை நெட்டாக, ஒன்றைக் குறுக்காகத் திருப்பி
மற்ற நீலங்களுக்கு நடுவே அங்கங்கே விட்டேன்.
சில இடம் நன்றாகவே வந்தது.
இடது மூலையில் இரண்டு கோடுகள்
எப்படியோ ஒன்றையொன்று கண்டுபிடித்து,
ஒரு நூலிழை விலகி,
மறுபடி நீளமாகிவிட்டன.
பிரிக்க நேரமில்லை.

ஷெனாஸ் மேடம் கட்டிலில் விரித்துப் பார்த்தார்.
"இந்த வெள்ளையெல்லாம் என்ன?"
பிளேன் போன தடம் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
"வெளுப்பு மேடம்" என்றேன்.
மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு மீதியை எண்ணினார். இருநூறு குறைவு.
போர்வையை நாலாக மடித்தார்,
எட்டாக மடித்தார்,
முழங்காலை ஊன்றிப்
பைக்குள் அழுத்தினார்.