இரண்டு விரல் அகலம்

ஹுவாலியனுக்குத் தெற்கே ஒன்பதாம் நெடுஞ்சாலையில்
கண்ணாடிப் பெட்டி போல ஒரு கடை, என்னுடையது.
கதவுக்கு மேல் பச்சையும் ஊதாவுமாய்க் குழல்விளக்கு;
ஊதா போன புயலோடு செத்துவிட்டது.
பாக்கைப் பிளந்து, சிவப்புச் சுண்ணாம்பு தடவி,
இலை சுற்றி, பையில் பத்தாய்ப் போட்டு
லாரி ஜன்னலுக்கு நீட்டுகிறேன்.
முகங்கள் எனக்கு அவ்வளவாய் ஞாபகம் நிற்பதில்லை.
வாய்கள் நிற்கும்.

லெகால் பளிங்கு ஏற்றுகிறவன், அமிஸ்காரன்.
பத்தொன்பது வருஷமாய் வண்டிக்கு முன்னால் குரல் வரும்:
"அக்கா, ரெண்டு! சுண்ணாம்பு தூக்கலா!"

கல்லறை கழுவும் நாள் விடுமுறை முடிந்து வந்தவன்
நான் கொடுத்த இஞ்சிச் சாற்றைத் தரையில் ஊற்றினான்.
"சூடா?"
"சூடு இல்ல. எரியுது."
அடுத்த வாரம் கொய்யாவைக் கத்தியால் சீவித் தின்றான்,
பச்சைக் கொய்யாவைப் பல்லாலேயே உடைப்பவன்.
அதையும் இடப்பக்கமே ஒதுக்கி மென்றான்.
பிறகொரு காலை "சுண்ணாம்பு" என்ற சொல்
அவன் நாக்கில் குழைந்து வந்தது.

"பல்லிடுக்குல ஏதோ சிக்கிக்கிட்டிருக்கு."
"எத்தன நாளா?"
"மூணு வாரம்... இல்ல, புது வருஷத்துக்கு முந்தியே."
"வலிக்குதா?"
"வலிச்சா போயிருக்க மாட்டேனா?"

சுகாதார நிலையத்துப் பெண் ஒருத்தி
என் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டிப் போயிருந்தாள்.
அதன் மேல் விலைப்பட்டியலை ஒட்டியது நான்தான்.
அன்று நகத்தால் சுரண்டி உரித்தேன்.
பாதி கிழிந்து வந்தது. மிச்சத்தில்
ஒரு படம்: திறந்த வாய், அதற்குள்
செங்குத்தாய் மூன்று விரல்.

"இறங்கு. வாயைத் திற."
"கொசு போயிடும் அக்கா."
"திறடா."
இரண்டு விரல் போனது.
மூன்றாவது உதட்டில் முட்டி நின்றது.
அவன் சிரிக்கப் பார்த்தான், அதற்கும் இடம் பற்றவில்லை.
செல்போன் வெளிச்சத்தில் வலக்கன்னத்தின் உட்புறம்
வெளுத்த ஒரு கோடு, நடுவில் சின்னதாய்ச் சிவப்பு.
அவன் தினமும் சுமக்கும் கல்லில் ஓடும் நரம்பு மாதிரி.
வாய் கொப்பளிக்கச் சொன்னேன். போகவில்லை.
துணியால் துடைக்கச் சொன்னேன். போகவில்லை.

"இந்த லோடு இறக்கிட்டுப் போறேன். ரெண்டு குடு."
"பாக்கு இல்ல."
என் முதுகுக்குப் பின்னால் மூன்று கூடை நிறைய.
"கண்ணாடிக் கடையில உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்றியே அக்கா."
கதவை உள்ளே தாழிட்டேன்.
கொஞ்ச நேரம் நின்றான். பிறகு
வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பினான்.

அரிசியளவு சதை எடுத்தார்களாம்.
பதில் வர ஒன்பது நாள்.
ஒன்பது நாளும் அவன் லாரி நிற்காமல் போனது,
ஒருமுறை மட்டும் ஹாரன் அடித்தான்,
திட்டுகிறானா, சொல்லிக்கொண்டு போகிறானா தெரியவில்லை.
நான் பாக்கைப் பிளந்துகொண்டுதான் இருந்தேன்.
வேறு என்ன செய்ய, வாடகை இருக்கிறது.

பத்தாம் நாள் எதிர்ப்பக்கம் நிறுத்தி, சாலை கடந்து வந்தான்.
"அதுக்குப் பேர் வச்சாச்சு" என்றான்.
பேரைச் சொன்னான். நான் திருப்பிச் சொல்லவில்லை.
"சின்னதுதானாம். கழுத்துக்கு இறங்கலயாம்.
இன்னும் ஆறு மாசம் சீவித் தின்னிருந்தா
வேற கத தானாம்.
செவ்வாய்க்கிழமை வெட்டுறாங்க.
தொடைத் தோலை எடுத்துக் கன்னத்துக்குள்ள தைக்கிறாங்களாம்,
இனிமே எம் பொண்டாட்டி எங்க முத்தம் குடுக்கிறாளோ
அவளுக்கே தெரியாது."
சிரித்தேன். சுண்ணாம்பு அப்பிய கையால்
கண்ணைத் துடைத்துவிட்டேன், எரிந்தது.

அவன் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினான்.
காசு வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போனான்.
எனக்குத் தெரிந்துதான் இத்தனை வருஷமும் கொடுத்தேனா என்று
அவன் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

அடுத்த லாரி ஒளியை அணைத்து அணைத்துப் போட்டது.
சிமென்ட் வண்டி, புதுப் பையன், மீசை முழுதாய் முளைக்கவில்லை.
ஜன்னல் வழியே என் கை தானாய் எழுந்தது,
அவன் வாய்க்கு நேராய்,
நிமிர்ந்த மூன்று விரல்.

"மூணு வேணாம்கா" என்றான்.
"ரெண்டு போதும்."