மீதி ஐந்து பெசோ

எர்மோசியோவில் ஜூலை வெயில்
காலை ஒன்பதுக்கே முழு ஆளாகிவிடும்.
நான் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள்.
கம்பிக் கேட்டுக்குள் தலையை விட்டு
ஒரு கண் நாய்மேல், ஒரு கண் எண்மேல்.
நாளுக்கு இருநூற்றறுபது வீடு.

ஆபீசில் சும்மா கொடுத்த தொப்பி கருநீலம்.
முன்நெற்றியில் ஒரு தண்ணீர்த் துளி பல் தெரியச் சிரிக்கும்.
அதற்கு உள்ளே தடித்த பட்டை,
பட்டைக்கு உள்ளே பிளாஸ்டிக் தாள்,
தாளுக்கு உள்ளே நான்.
மூடி போட்ட பானை. பருப்பென்றால் குழைந்திருக்கும்.
செவ்வாயன்று மெஸ்கீத் மரத்தடியில் எனக்குக் கண் இருட்டியது.
ரெஃபூஹியோ அதைக் கழற்றி என் முகத்துக்கு விசிறினான்.
அந்தத் தொப்பியால் எனக்குக் கிடைத்த ஒரே காற்று
அதுதான்.

சனிக்கிழமைச் சந்தை.
நூறு பெசோ. பஸ்ஸுக்குப் போகத் தொண்ணூறு.

வைக்கோல் தொப்பி கண்ணுக்கு அழகு,
காற்றுக்கும் குறைவில்லை.
ஆனால் மீட்டர்ப் பெட்டிக்குக் குனிந்தால்
அது முதலில் இறங்கிப் போய் எண் பார்க்கும்.
பருத்தி நல்லதுதான்:
முதல் தெருவில் என் வேர்வையைக் குடிக்கும்,
மூன்றாம் தெருவில் அதையே என்மேல் துப்பும்.
இன்னொன்று, பால் வெள்ளை.
காற்று புகும் என்று அட்டையில் எழுதியிருந்தது.
வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.
ஓட்டைகள் இருந்தன, வரிசையாக, நேர்த்தியாக.
ஓட்டைகளுக்குப் பின்னால் லைனிங் இருந்தது.
எங்கள் மேனேஜரின் பதில் மாதிரி.

தகரக் கூரையின் கடைசியில் நபோரின் மேசை.
அவன் தலையில் ஈரத்துண்டு; தொப்பி விற்பவன்
தொப்பி போடவில்லை.
நான் எடுத்தது சாம்பல் நிறம். கையில் கனமே இல்லை.
பின்பாதி முழுக்க வலை,
கொசுவலையைவிடச் சற்றுத் தடிப்பு.
முன் மடலின் அடிப்பக்கம் கறுப்பு, கண் கூசாது.
கசக்கி விட்டேன், எழுந்து உட்கார்ந்தது.

"எவ்வளவு?"
"நூற்றிருபது."
"தொப்பி மட்டுமா, தலையும் சேர்த்தா?"
அவன் சிரிக்கவில்லை.
அந்தச் சூட்டில் யாரும் சிரிப்பைச் செலவழிப்பதில்லை.

கவிழ்த்து வாயருகே பிடித்தேன்.
உள்ளிருந்து ஒரு ஊது ஊதினேன்.

மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு பழப்பெட்டி.
பெட்டியில் ஒரு பெண்குழந்தை, ஏழெட்டு மாதம் இருக்கும்,
தூங்கவும் முடியாமல் அழவும் தெம்பில்லாமல்
கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு.
அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஒற்றைச் சுருள்
பிரிந்து
எழுந்து
ஆடியது.

நபோர் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
"இன்னொரு தரம் ஊதுங்கள்" என்றான்.
ஊதினேன்.
மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை.

"ஓபெலியா" என்றான், என்னிடம் அல்ல, பெட்டியிடம்.
பிறகு என்னிடம்: "தொண்ணூற்றைந்து."
"தொண்ணூறுதான் இருக்கிறது. பஸ் இருக்கிறது, வீடு தூரம்."
நோட்டை எண்ணினான். ஒருமுறை. மறுபடியும்.
துண்டைப் பிழிந்து தலையில் போட்டான்.
"சரி. மீதி ஐந்து பெசோவுக்கு ஊதுங்கள்.
நான் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறேன்."

போனவன் வரக் கால்மணி நேரம்.
அதற்குள் இரண்டு பேர் வந்து விலை கேட்டார்கள்.
வாய் ஓயவில்லை, கையால் காட்டினேன்: நூற்றிருபது.
ஒருவர் பேரம் பேசாமல் வாங்கிப் போனார்.
ஓபெலியா வாய் திறந்து தூங்கினாள்.
எனக்குத்தான் தலை கிறுகிறுத்தது.

திங்கள்கிழமை, பதினோராவது வீட்டு நாய்
மூன்று வருடப் பழக்கத்தை மறந்து
சாம்பல் தொப்பியைப் பார்த்துக் குரைத்தது.
கருநீலம் இப்போது என் அடுப்படியில்.
சூடான பாத்திரம் இறக்க அதைவிட நல்ல துணி இல்லை,
ஒரு பொட்டுச் சூட்டையும் கடத்தாது.
துளி இன்னும் சிரிக்கிறது, ஒரு பல் மட்டும் கரிந்து.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்பார்கள்.
எனக்கு அது தொண்ணூறு பெசோவோடு போனது.
இல்லை, கணக்கைச் சரியாகச் சொல்ல வேண்டும், என் தொழில் அது:
தொண்ணூறு பெசோவும்
கால்மணி நேர மூச்சும்.